ஓரம் எத்தனை மீட்டர்?

பெல்லி டான்ஸில் பாவாடையின் ஓரத்தைக் கையில் பிடித்து வீசியும் அலைத்தும் சுழற்றியும் ஆடுவதற்கு ‘ஸ்கர்ட்வொர்க்’ என்று பெயர். அதற்கேற்ற பாவாடையைப் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: ஆறு மாதமாகப் பெல்லி டான்ஸ் கற்கிறேன். அடுத்து ஸ்கர்ட்வொர்க். நல்ல விரிவுள்ள பாவாடையாக வாங்கச் சொன்னார் ஆசிரியை. கடையில் எதைக் காட்டினாலும் ‘ஃபுல் ஃபிளேர்’ என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
(வாசகி, பெங்களூரு)

கீழ் ஓரத்தின் மொத்தச் சுற்றளவு எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். ‘ஃபுல் ஃபிளேர்’ ஓர் அளவே இல்லை. ஹேங்கரில் மாட்டியிருக்கும்போது நாலு மீட்டர் பாவாடையும் பன்னிரண்டு மீட்டர் பாவாடையும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தொங்கும். கையில் தூக்கும்போதுதான் வேறுபாடு தெரியும்.

பெல்லி டான்ஸ் பாவாடை இடுப்புக்குக் கீழே இறங்கி நிற்கும். அந்த இடத்தில் சுற்றளவு 90 செ.மீ., அங்கிருந்து நீளம் 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அரைவட்டமாக வெட்டியிருந்தால் கீழ் ஓரம் சுமார் 3.7 மீட்டர். முழுவட்டம், அதாவது தையற்கடையில் அம்ப்ரெல்லா கட் என்பது, 6.5 மீட்டர். இரட்டை வட்டம் 12 மீட்டருக்குச் சற்று மேல்.

இரு பக்கமும் ஓரத்தைப் பிடித்துக் கைகளை விரித்தால் முன்பக்கம் வருவது இதில் பாதி. விரித்த கைகளுக்கு இடையே கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் இருக்கும். அரைவட்டத்தில் முன்பக்கம் 1.85 மீட்டர்தான் என்பதால் துணி விறைத்துவிடும். அலை எழாது, காலை எட்டி வைத்தால் முழங்காலில் இழுக்கும். முழுவட்டத்தில் 3.3 மீட்டர் வருகிறது; கைகளுக்கு இடையே துணி தொய்ந்து இறங்கவும் மணிக்கட்டைத் திருப்பினால் மடிப்பு ஓடவும் இடம் கிடைக்கிறது. பழகுவதற்கு முழுவட்டம் போதும். மேடைக்கு இரட்டை வட்டம் எடுங்கள்.

கடைக்காரருக்கு அளவு தெரியாவிட்டால் பாவாடையை இரண்டாக மடித்துத் தரையில் பரப்பி, ஓரத்தை டேப் வைத்து வளைவோடு அளந்து இரண்டால் பெருக்குங்கள். இரண்டு நிமிட வேலை.

ஆசிரியை எந்தப் பாணியைக் கற்றுத்தருகிறார் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். இன்றைய எகிப்திய மேடைப் பாணியில் பாவாடை பெரும்பாலும் உடலை ஒட்டியது. அதில் பிடித்து வீச ஒன்றுமில்லை. விரிந்த பாவாடை முக்கியமாக வேலை செய்வது துருக்கிய ரோமா (ஜிப்ஸி) மக்களின் ஆட்டத்திலும், அமெரிக்க டிரைபல் பாணியிலும், ஸ்பெயினின் ஃபிளமென்கோ நடனம் கலந்த ஆட்டங்களிலும்.

கேள்வி: ‘25 கஜப் பாவாடை’ என்று விற்கிறார்களே, உண்மையிலேயே 25 கஜம் துணியா? சுமக்க முடியுமா?
(வாசகி, சிங்கப்பூர்)

25 கஜம் என்பது துணியின் நீளம் அல்ல, கீழ் ஓரத்தின் சுற்றளவு: ஏறத்தாழ 23 மீட்டர். ஓரிரு வட்டம் வெட்டி இந்த அளவை எட்ட முடியாது. அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்துத் தைப்பார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1987-இல் கரோலினா நெரிசியோ தொடங்கிய ஃபேட்சான்ஸ் பெல்லிடான்ஸ் குழுவின் அமெரிக்க டிரைபல் ஸ்டைலோடு இந்தப் பாவாடை உலகெங்கும் பரவியது. ராஜஸ்தானிய காக்ராவைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதுதான்.

நாலு அடுக்கு என்றால் கீழிருந்து 23, 11.5, 5.75, 2.9 மீட்டர், ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழுள்ளதில் பாதி. உச்சியில் உள்ள 2.9 மீட்டரை நாடா சுருக்கி இடுப்பில் நிறுத்துகிறது. 112 செ.மீ. பன்னாவில், அதாவது துணியின் அகலத்தில், சுமார் 11 மீட்டர் துணி பிடிக்கும். ‘வாயில்’ (voile) என்ற மெல்லிய பருத்தித் துணியில் தைத்தால் எடை ஒரு கிலோவுக்குள் அடங்கும். பாப்ளின் போன்ற கெட்டித் துணியில் ஒன்றே கால் கிலோவைத் தாண்டும்.

இடுப்பில் இருக்கிறவரை எடை தெரியாது. ஓரத்தைத் தூக்கி எட்டு வடிவில் வீசும்போது அத்தனையும் மணிக்கட்டில் விழும். கனத்த பாவாடையில் வேகமான வீச்சு வேண்டாம். ஓரங்களைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொள்வது, மெதுவாகத் திரும்புவது, விரித்தபடி நிற்பது ஆகியவற்றில்தான் அதன் அழகு இருக்கிறது. துருக்கிய ரோமா ஆட்டத்தின் 9/8 தாளத்தில், அதாவது ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தில், பாவாடை சட்டென்று எகிறி சட்டென்று இறங்க வேண்டும். அதற்கு 25 கஜம் எப்போதும் ஒரு தட்டு பின்தங்கியே வரும். இரட்டை வட்டமே பொருத்தம்.

கேள்வி: 25 கஜப் பாவாடையை வீட்டிலேயே தைக்க முடியுமா? அவ்வளவு நீளம் ஓரம் மடிப்பதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.
(வாசகி, மதுரை)

ஓரம் மடிக்காமலே தைக்கலாம். ஒரே மாதிரி கரை உள்ள இரண்டு வாயில் புடவைகள் எடுத்துக்கொள்ளுங்கள், 5.5 மீட்டர் நீளம், 112 செ.மீ. அகலம். புடவைக்கு இரண்டு பக்கமும் கரை உண்டு; இரண்டு புடவையில் நாலு கரை, நாலு ஐந்தரை 22 மீட்டர். 25 கஜத்துக்கு ஒரு கஜம்தான் குறைவு. நெய்த கரையே கீழ் ஓரமாகிவிடும்.

வெட்டுவதற்கு முன் இரவு முழுக்க நீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். பருத்தி சுருங்குவதானால் இப்போதே சுருங்கட்டும். தைத்தபின் அடுக்குக்கு ஒரு செ.மீ. சுருங்கினாலும் பாவாடை நாலு செ.மீ. ஏறிவிடும். ஒவ்வொரு புடவையிலும் கரையோரமாக 24.5 செ.மீ. அகலத்தில் நீளவாக்கில் இரண்டு பட்டை. நடுவில் மிஞ்சும் 63 செ.மீ.யில் 26 செ.மீ. அகலத்தில் இன்னும் இரண்டு. கரைப் பட்டை நாலையும் வளையமாக இணைத்தால் கடைசி அடுக்கு. நடுப்பட்டைகளில் இரண்டை இணைத்தால் 11 மீட்டர், மூன்றாவது அடுக்கு. ஒரு முழுப் பட்டை இரண்டாவது அடுக்கு, அரைப் பட்டை முதல் அடுக்கு. மிஞ்சிய 11 செ.மீ. துண்டு நாடாவுக்கும் இடுப்புப் பட்டிக்கும். ஓர் அடுக்கு சுமார் 23 செ.மீ. நிற்கும், நாலும் சேர்ந்து 92. உயரத்துக்கு ஏற்ப முதல் அடுக்கில் மட்டும் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். கரைப் பட்டையில் கைவைக்க வேண்டாம்.

பலருக்கும் தகராறு செய்வது சுருக்குதான். 22 மீட்டருக்கும் ஒரே நூல் ஓட்டி இழுத்தால் நடுவழியில் அறுந்துவிடும், அதுவரை சுருக்கியதும் கலைந்துவிடும். மேல் அடுக்கின் கீழ் விளிம்பையும் கீழ் அடுக்கின் மேல் விளிம்பையும் பதினாறு சம பாகமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பாகம் பாகமாக, மெஷினில் இருப்பதிலேயே நீளமான தையலை வைத்து, 6 மி.மீ. இடைவெளியில் இரண்டு வரிசை ஓட்டுங்கள். அடிநூலை மட்டும் இழுங்கள். குறிகளை ஒன்றோடொன்று ஊசியால் நிறுத்திவிட்டுப் பிறகு தைத்தால் சுருக்கு ஓரிடத்தில் குவியாது.

ஜரிகைக் கரை வேண்டாம், நூல் கரையே எடுங்கள். ஜரிகை கையில் உராயும், விறைப்பால் மடிப்பும் ஓடாது.

கேள்வி: வாடிக்கையாளருக்கு ஷிஃபானில் முழுவட்டப் பாவாடை தைத்தேன். கொடுத்த அன்று ஓரம் சமமாக இருந்தது. ஒரு வாரத்தில் நாலு இடத்தில் தொங்கிவிட்டது என்கிறார். எங்கே பிழை?
(தையற்கலைஞர், ஈரோடு)

வெட்டில் பிழை இல்லை, அவசரப்பட்டதுதான் பிழை. வட்டத்தில் நாலு இடங்களில் துணி முழுக் குறுக்காக, அதாவது மூலைவாட்டில், விழும். அங்கே பாவும் ஊடும் (நீள நூலும் குறுக்கு நூலும்) நேராகத் தாங்காது. துணி தன் எடையாலேயே இறங்கும். ஷிஃபானிலும் ஜார்ஜெட்டிலும் இது அதிகம், பருத்தியில் குறைவு. இடுப்புப் பட்டி வைத்தபின் பாவாடையை இரண்டு நாள் தொங்கவிடுங்கள். பிறகு அவரையே அணியச் சொல்லி, தரையிலிருந்து அளவுகோலை நிறுத்தி, சுற்றிலும் சாக்கால் குறித்து வெட்டுங்கள். மேஜைமேல் வைத்துச் சமப்படுத்தினால் மறுபடியும் இதே கதைதான்.

இடுப்பு வாயும் இதே காரணத்தால் இழுபடும். வெட்டியவுடன் விளிம்பை ஒட்டி ஒரு சாதாரணத் தையல் ஓட்டிவிடுங்கள். முழுவட்டத்துக்கு வாயின் ஆரம், சுற்றளவை 6.28-ஆல் வகுத்தால் வருவது: 90-க்கு 14.3 செ.மீ. இரட்டை வட்டத்தில் ஒவ்வொரு வட்டமும் பாதிச் சுற்றளவை மட்டும் ஏற்கிறது, ஆகவே 7.2. பாவாடை நிற்கும் இடம் 90, பின்புறத்தின் அகலமான இடம் 100 என்றால் வாயை 100-க்கு வெட்டி நாடா வையுங்கள், இல்லாவிட்டால் ஏறாது. பீகோ அடிக்கும்போது துணியை இழுக்காதீர்கள். ஓரம் கீரை இலைபோலச் சுருண்டுவிடும்.

கேள்வி: பக்கவாட்டில் ஸ்லிட் உள்ள பாவாடையில் ஸ்கர்ட்வொர்க் செய்யலாமா?
(வாசகி, கோவை)

வேண்டாம். தூக்கும்போது ஒரு பாகம் மட்டும் கையோடு வரும், ஓரம் அறுபட்டுத் தெரியும்.

கேள்வி: பின்னால் அடி வைக்கும்போது பாவாடையை மிதித்துவிடுகிறேன். சுற்றி நின்றதும் பாலியஸ்டர் துணி காலில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு முறை நாடாவும் நழுவிவிட்டது. துணியை மாற்ற வேண்டுமா?
(வாசகி, சென்னை)

முதலில் நீளத்தைப் பாருங்கள். நேராக நின்று அளந்திருப்பீர்கள். ஆடும்போது முழங்கால் சற்று மடங்கியே இருக்கிறது, பாவாடை மூன்று நாலு செ.மீ. இறங்கிவிடும். இடுப்புப் பெல்ட்டும் கட்டிக்கொண்டு, ஆட்ட நிலையில் முழங்காலை மடக்கி நின்று, ஓரம் தரைக்கு மேல் 3 செ.மீ. இருக்கும்படி குறியுங்கள்.

ஒட்டுவதற்குக் காரணம் உராய்வில் சேரும் மின்னேற்றம். ஏசி மேடையின் வறண்ட காற்றில் அது கூடும். கடைசி அலசலில் ஃபேப்ரிக் கண்டிஷனர் சேர்த்து, உள்ளே பருத்தியில் தொளதொளப்பான பேன்ட் அணிந்தால் பெரும்பாலும் அடங்கும். பாவாடையைத் தூக்கும் ஆட்டத்துக்கு உள்ளே பேன்ட் எப்படியும் வேண்டும். நாடாவை முடிந்தபின், முன்னும் பின்னும் இரு பக்கமும் நாலு சேஃப்டி பின்களால் பட்டியை அந்தப் பேன்ட்டோடு உள்பக்கமாகக் குத்திவிடுங்கள். மிதித்தாலும் இறங்காது.

சுற்றி நிற்கும்போது உடல் நின்றபிறகும் துணி ஒரு சுற்று போகப் பார்க்கும். அதனால்தான் காலைச் சுற்றிக்கொள்கிறது. கடைசி அரைச் சுற்றை மெதுவாக முடித்து, எதிர்த்திசையில் இடுப்பைக் கொஞ்சம் திருப்புங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தொல்லை தந்தால் துணியை மாற்றலாம். பாலியஸ்டர் ஷிஃபான் காற்றில் மிதக்கும், மெதுவாக இறங்கும், விரலில் வழுக்கும். சாட்டின் கனத்தால் நன்றாக வீசும், ஆனால் வழுக்கும். ரேயானும் வாயிலும் விரலுக்குப் பிடி கொடுக்கின்றன, வேண்டிய இடத்தில் விழுகின்றன. புதிதாகப் பழகுகிறவருக்கு இவை இரண்டில் ஒன்றையே சொல்வோம். எந்தத் துணியானாலும், கையை நீட்டியதும் எட்டும் இடத்தில், ஓரத்தின் உள்பக்கம் வேறு நிற நூலால் ஒரு முடிச்சுப் போட்டு வையுங்கள். குனிந்து பார்க்காமலே விரல் அதைக் கண்டுபிடித்துவிடும்.