மலைப்பாதையும் பேட்டரி வண்டியும்: கேள்வி பதில்

ஒன்பது வருடமாக ஆஃப்ரோடு மொபிலிட்டி வண்டியில் மலை சுற்றுகிறேன். வண்டி என்று நான் சொல்வது ஜீப்பை அல்ல. நடக்க முடியாத ஒருவர் உட்கார்ந்து ஓட்டும், பெரிய டயர் வைத்த, பேட்டரியில் ஓடும் ஸ்கூட்டரையோ பவர் வீல்சேரையோதான். பாதை தேடுவது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

வண்டி வந்து மூன்று வாரம் ஆகிறது. எனக்கு ஏற்ற மலைப்பாதையை எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

நடப்பவர்களுக்காகப் போட்ட ‘எளிது’, ‘கடினம்’ என்ற தரவரிசையை முதலில் ஒதுக்கி வையுங்கள். நடுவில் எட்டுப் படி இருக்கிற இரண்டு கிலோமீட்டர் பாதையை அவர்கள் எளிது என்பார்கள். நமக்கு அது சுவர். நீளமாக இருக்கிறது என்பதற்காகவே அவர்கள் கடினம் என்று போட்ட லாரிச் சாலையில் நாம் பாட்டுப் பாடிக்கொண்டே போகலாம்.

நான் எப்போதும் முதலில் கேட்பது இதைத்தான்: இந்தப் பாதையை யாருக்காக வெட்டினார்கள்? மனிதக் கால் பட்டு உண்டான தடம் நேராக உச்சியைப் பார்த்து ஏறும். பாறை வந்தால் கையை ஊன்றித் தாண்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் போகும். மரம் ஏற்றிய லாரிக்குப் போட்ட காட்டுச் சாலை அப்படிப் போக முடியாது. பாரம் சுமக்கும் கழுதைக்கும் குதிரைக்கும் போட்டது வளைந்து வளைந்துதான் ஏறும். மலையைச் சுற்றி வரும் நீர்க்கால்வாயின் கரைப்பாதை கிட்டத்தட்ட மட்டமாகவே இருக்கும், செங்குத்தான மதகுப் பக்கங்கள் தவிர. அணைக்கும் மின்கோபுரத்துக்கும் பழைய சுரங்கத்துக்கும் போகிற பராமரிப்புச் சாலைகளையும் பாருங்கள். சக்கரமோ குளம்போ தண்ணீரோ முன்னால் போயிருந்தால் நமக்கு வாய்ப்பு உண்டு.

பொதுமக்களே சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இப்படிப்பட்ட சாலைகளுக்கு ‘ட்ராக்டைப்’ என்று கிரேடு 1 முதல் 5 வரை குறித்திருப்பார்கள். 1 கெட்டியான தளம், 5 வெறும் மண்ணும் புல்லும். அது தரையின் உறுதியைச் சொல்வது, ஏற்றத்தைச் சொல்வதில்லை. அங்கே ‘வீல்சேர்: இல்லை’ என்று இருந்தாலும் உடனே மனம் தளர வேண்டாம். சின்னச் சக்கர வீல்சேரை மனதில் வைத்துத்தான் பெரும்பாலோர் அதைக் குறிக்கிறார்கள்.

கைவிட்ட ரயில் பாதைகள் நல்லவை என்கிறார்களே?

நல்லவைதான். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கும் என்பதால் 40 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறினாலே ரயிலுக்கு அது பெரிய ஏற்றம். பல்சக்கர ரயில் ஓடிய தடம் மட்டும் விதிவிலக்கு. இடிந்துபோன பாலம் எங்கே என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முதல் மூன்று மாதத்துக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அப்புறம் அலுத்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, வண்டியின் கையேட்டில் 15 டிகிரி ஏறும் என்று இருக்கிறது. பாதையைப் பற்றிப் படித்தால் 20 சதவீத ஏற்றம் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் போக முடியாதுதானே?

தம்பி, டிகிரியும் சதவீதமும் ஒன்றல்ல. 100 மீட்டர் போகும்போது 20 மீட்டர் ஏறினால் 20 சதவீதம். அது சுமார் 11 டிகிரிதான். 10 சதவீதம் என்றால் 6 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. 25 சதவீதம் 14 டிகிரி. 45 டிகிரிச் சரிவுக்குத்தான் 100 சதவீதம் என்று பெயர். கட்டடங்களில் வீல்சேருக்கென்று வைக்கும் 1:12 சாய்தளம் 8.33 சதவீதம். அதை மனதில் ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டால் மற்றதைக் கற்பனை செய்வது சுலபம்.

ஆக, கணக்குப்படி உங்கள் வண்டி போகும். ஆனால் அந்த 15 டிகிரி காய்ந்த, கெட்டியான, மேடுபள்ளம் இல்லாத தளத்துக்குச் சொன்னது. உதிரிக் கல்லில் அதில் மூன்றில் இரண்டு பங்கை என் எல்லையாக வைத்திருக்கிறேன். அப்படிப் பார்த்தால் இந்தப் பாதை உங்களுக்கு எல்லைக்கு ஒரு டிகிரி அந்தப் பக்கம். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள்.

வரைபடத்தில் சம உயரக் கோடுகளைப் பார்த்து ஏற்றத்தைக் கணக்குப் போடுவது எப்படி? பள்ளியில் படித்தது மறந்துவிட்டது.

1:25,000 வரைபடத்தில் கோட்டுக்குக் கோடு 10 மீட்டர் உயரம் என்றால், பாதை ஒரு கோட்டை வெட்டி அடுத்த கோட்டை வெட்டும் இடத்துக்கு நடுவே 4 மில்லிமீட்டர் இருந்தால் 10 சதவீதம், 2 மில்லிமீட்டர் இருந்தால் 20 சதவீதம். 1:50,000 வரைபடத்தில் கோட்டு இடைவெளி 20 மீட்டர் என்றால் இதே அளவுகள் அப்படியே பொருந்தும். ஒரு அட்டைத் துண்டின் ஓரத்தில் 4 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு பாதை மேல் நகர்த்திக்கொண்டே போவேன். அட்டையின் இரண்டு கோட்டுக்குள் வரைபடத்தின் மூன்று கோடு வந்துவிட்டால் அங்கே பென்சிலால் வட்டம்.

இதில் பலர் தவறுவது ஓர் இடத்தில். கோட்டுக்கும் கோட்டுக்கும் குறுக்கே நேராக அளக்கக் கூடாது, பாதை போகிற வழியிலேயே அளக்க வேண்டும். குறுக்கே அளந்தால் கிடைப்பது மலையின் சரிவு. வளைந்து ஏறும் பாதை அதைவிட எவ்வளவோ சாதுவாக இருக்கும். அந்தக் குறுக்களவும் வீண் இல்லை. பாதை கோடுகளுக்கு இணையாகப் போகிறது, கோடுகள் நெருக்கமாக இருக்கின்றன என்றால் ஏற்றம் இருக்காது. ஆனால் ஒரு பக்கம் பள்ளம் உண்டு என்று பொருள்.

செயலியில் உயர வரைபடம் பார்த்துவிட்டுத்தான் போனோம். அதிகபட்சம் 12 சதவீதம் என்று காட்டியது. நேரில் போனால் ஆள் உயரத்துக்குப் பாறைப் படி! செயலி பொய் சொல்கிறதா?

பொய் இல்லை, அதற்குக் கண் மங்கல். பல செயலிகள் பயன்படுத்தும் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடாரில் அளந்தது. அதில் புள்ளிக்குப் புள்ளி சுமார் 30 மீட்டர், பழைய பதிப்பில் 90 மீட்டர். நடுவில் இருப்பதைச் செயலி சமப்படுத்திக் கோடு இழுத்துவிடும். இரண்டு மீட்டர் பாறைப் படி 30 மீட்டரில் கரைந்து 7 சதவீதமாகத் தெரியும். அச்சடித்த வரைபடத்திலும் இதே கதைதான். 10 மீட்டர்க் கோடுகளுக்கு நடுவே ஒன்பது மீட்டர் மேடு ஒளிந்துகொள்ளலாம்.

சராசரியை வைத்து நாம் என்ன செய்வது? ஆறு கிலோமீட்டரில் மோசமான பத்து மீட்டர் எது, அதற்கு முன்னால் வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா, இவ்வளவுதான் நமக்குத் தெரிய வேண்டும். அதற்குச் சாட்டிலைட் படம் ஓரளவு உதவும். இரட்டைச் சக்கரத் தடம் தெரிகிறதா, எந்த இடத்தில் அது ஒற்றைத் தடமாக மாறுகிறது என்று பாருங்கள். மரத்தடியில் என்ன இருக்கிறது என்று அதற்கும் தெரியாது.

கடைசியில் ஒருவர் நடந்து பார்த்துவிட்டு வருவதுதான் உறுதி. என் தம்பியிடம் ஒரு மூங்கில் குச்சி கொடுத்து வைத்திருக்கிறேன். அடியிலிருந்து 12 சென்டிமீட்டரில் ஒரு சிவப்பு டேப், அது வண்டியின் அடிவயிற்று உயரம். 71 சென்டிமீட்டரில் இன்னொன்று, அது வண்டியின் அகலம். சந்தேகமான இடத்தில் குச்சியை நிறுத்தியோ படுக்க வைத்தோ படம் எடுத்து அனுப்புவான். குச்சி இல்லாத படத்தை நான் நம்புவதில்லை. கேமராவில் எந்தச் சரிவும் தட்டையாகத்தான் விழும். சரிவைத் தெரிந்துகொள்ள ஒரு பலகையைத் தரையில் போட்டு அதன்மேல் போனை வைத்தால் போதும், மட்டம் பார்க்கும் வசதி பெரும்பாலான போன்களில் இருக்கிறது.

பாதை நன்றாக இருந்தும் கேட்டில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஒருமுறை நாலு கிலோமீட்டர் ஏறிப் போனேன். கடைசியில் இரண்டு கல்தூண். பைக்குகளைத் தடுக்க நட்டிருந்தார்கள். இடைவெளி 68 சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டருக்காக, திரும்ப இடமில்லாமல், நூறு மீட்டருக்கு மேல் பின்னாலேயே ஓட்டி வந்தேன். அன்றைக்குப் பிறந்ததுதான் அந்தக் குச்சி.

வேலிச் சுவர் பாதையைக் குறுக்கே வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒரு தடுப்பு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண கேட் பரவாயில்லை. ஆள் நுழைந்து திரும்பும் சுழல்கேட், ஏறித் தாண்டும் மரப்படி இரண்டும் நமக்கு ஆகாது. மாடு தாண்டாமல் இருக்கப் பள்ளத்தின் மேல் கம்பி பரப்பியிருப்பார்கள். பெரிய டயர் அதில் போய்விடும், முன்சக்கரம் சிறிதாக இருந்தால் இடுக்கில் இறங்கிக்கொள்ளும். மழைநீரை வெளியேற்றச் சாலைக்குக் குறுக்கே கல் அடுக்கி வெட்டிய வாய்க்கால் வரைபடத்தில் வராது. அதில் ஒரு சக்கரத்தைச் சாய்வாக இறக்காமல் நேராகவே இறங்கி ஏற வேண்டும்.

என் அம்மாவுக்கு வண்டி கவிழ்ந்துவிடுமோ என்ற பயம். ஏற்றத்தைவிடப் பக்கச் சரிவுதான் ஆபத்து என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. அம்மாவின் பயம் நியாயமானது, அதைக் கேலி செய்யாதீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இரு பக்கச் சக்கரங்களுக்கு நடுவே 70 சென்டிமீட்டர், ஆளும் வண்டியும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரம் என்று வையுங்கள். அசையாமல் நின்றால் சுமார் 26 டிகிரிப் பக்கச் சாய்வில் வண்டி சாயும். நிறைய இருக்கிறதே என்று தோன்றும். இப்போது மேட்டுப் பக்கச் சக்கரம் 10 சென்டிமீட்டர்க் கல் மேல் ஏறட்டும், அதுவே 8 டிகிரி. பாதை ஏற்கெனவே 12 டிகிரி சாய்ந்திருந்தால் 20 ஆகிவிட்டது. பள்ளப் பக்க டயர் அமுங்கும், பயத்தில் உடம்பும் அந்தப் பக்கமே சாயும், வண்டி குலுங்கும். மிச்சம் ஒன்றும் இல்லை. வண்டிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் பக்கச் சாய்வு எல்லை ஏன் அவ்வளவு குறைவு என்று இப்போது புரியும்.

இருக்கையை எவ்வளவு தாழ்த்த முடியுமோ தாழ்த்துங்கள். பையை முதுகில் மாட்டாமல் கால் பக்கம் வையுங்கள். சரிவில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும், நடுச் சரிவில் திரும்பக் கூடாது. அம்மாவை முதலில் ஒரு புல்மேட்டில், நீங்கள் மேட்டுப் பக்கம் நின்று இருக்கையைப் பிடித்துக்கொண்டு, 5 டிகிரியில் பத்துத் தடவை ஓட்டச் சொல்லுங்கள். உடம்பு பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதி இருக்கட்டும்.

24 வோல்ட், 60 ஆம்பியர்-மணி லெட் பேட்டரி. 300 மீட்டர் உயரம் ஏறி இறங்கத் தாங்குமா?

தாங்க வேண்டும். ஆளும் வண்டியும் 200 கிலோ என்றால் 300 மீட்டர் தூக்க மட்டும் 163 வாட்-மணி. மோட்டார், கியர், டயரில் பாதி போய்விடும் என்று வைத்தாலும் 330 வாட்-மணிதான். உங்கள் பேட்டரியில் எழுதியிருப்பது 1,440. லெட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்பதால் 720 என்று கொள்ளுங்கள். மிச்சம் தூரத்துக்கும் கரடுமுரடுக்கும். குளிரில் கொள்ளளவு குறையும், மேலே ஏற ஏற 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி குளிரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில் பேட்டரி அளவு காட்டும் முள் விழும், நின்றதும் எழும். எழுந்ததைப் பார்த்து ஏமாறாதீர்கள். அடுத்த ஏற்றத்தில் வண்டி நிற்குமா என்பதை விழுந்த முள்தான் சொல்லும். முதலில் இறங்கி அப்புறம் ஏறி வீடு திரும்பும் பாதை புதியவர்களுக்கு வேண்டாம்.

இறங்கும்போது கவனிக்க வேண்டியது?

வண்டியைக் கையால் தள்ளுவதற்காக மோட்டாரைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடும் ஃப்ரீவீல் லீவரைச் சரிவில் தொடவே கூடாது. அதை விடுவித்தால் மோட்டார் பிரேக்கும் சேர்ந்து விடுபட்டுவிடும், அப்புறம் 120 கிலோ வண்டியை யாராலும் பிடிக்க முடியாது. இன்னொன்று பலருக்குத் தெரியாது. இறங்கும்போது மோட்டார் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். மலைமேல் சார்ஜ் முழுக்க ஏற்றிக்கொண்டு உடனே நீண்ட இறக்கத்தில் விட்டால் சில வண்டிகளில் மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலர் வோல்ட் கூடிவிட்டது என்று மிரண்டு நின்றுவிடும்.

தனியாகப் போகலாமா?

போகிறேன், ஏற்கெனவே இரண்டு முறை துணையோடு போன பாதையில் மட்டும். எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன். விசில் கழுத்தில் இருக்கும். நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு. இது மலைகளில் உதவி கேட்கும் சைகை. மூன்று ஊதல் வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். நடப்பவருக்கு நடையே சூடு கொடுக்கும், நமக்குக் கொடுக்காது. எனக்குக் காலில் உணர்ச்சி குறைவு, அதனால் அரை மணிக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்கிறேன்.

உண்மையைச் சொல்லுங்கள், ஒரு உச்சிக்காவது நம்மால் போக முடியுமா?

மூன்றுக்குப் போயிருக்கிறேன். மூன்றிலுமே மேலே தொலைத்தொடர்புக் கோபுரம் இருந்தது. அதற்குச் சாமான் கொண்டுபோக யாரோ சாலை போட்டிருந்தார்கள். கோபுரம் இருக்கிற உச்சியை நடப்பவர்கள் அழகில்லை என்று ஒதுக்குவார்கள். எனக்கு அந்தக் கோபுரம்தான் முதலில் கண்ணில் படும். அடிவாரத்தில் பெரும்பாலும் பூட்டிய கேட் இருக்கும். சாவி யாரிடம் என்று முதல் நாளே விசாரித்து, வண்டி பேட்டரியில் ஓடுவது, ஒருவர் மட்டும் உட்காருவது என்று படத்தோடு சொல்லி அனுமதி வாங்கி வையுங்கள்.