மதுரையில் இருந்தபடி அக்கூஸ்டிக் கிட்டாரில் பழைய ராக் பாட்டுகள் கற்க எதில் தொடங்கலாம்? எஃப் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒலிக்கும் பிடி) வரவே மாட்டேன் என்கிறது.

எஃப்பை இப்போதைக்கு விடுங்கள். பாப் டிலனின் 'நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்' (1973) பாட்டுக்கு ஜி, டி, ஏ மைனர், சி போதும். இடது கை கார்டு மாறத் தாமதித்தாலும் வலது கை நிற்கக் கூடாது. தாளம் விட்டால் பாட்டே போச்சு.

அப்புறம் டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' (1972). பலர் இதன் ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு) ஒற்றைக் கம்பியில் தட்டிவிட்டு முடிந்தது என்பார்கள். அந்தக் குழுவின் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் இரண்டு கம்பிகளைச் சேர்த்து, பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) இல்லாமல் விரலால் சுண்டுகிறார். அந்தக் கனம் அதில்தான் இருக்கிறது. நடுவில் உள்ள டி, ஜி கம்பிகளில் ஒரே சமயம்: 0-3-5, 0-3-6-5, 0-3-5-3-0 (எண் என்பது அழுத்த வேண்டிய கட்டை, 0 என்றால் அழுத்தாமல்). முதலில் மெதுவாக, மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) வைத்து.

விரல் வலித்தால் 0.010 இன்ச்சில் (மிக மெல்லிய கம்பியின் தடிமன்) தொடங்கும் கம்பி செட் போடுங்கள், அழுத்துவது எளிது. நம்மூர் சித்திரை வெயிலில் கிட்டாரை மொட்டைமாடி அறையிலோ பூட்டிய காரிலோ வைக்காதீர்கள். கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டை, பசை இளகி எழும்பிவிடும். வியர்வையில் கம்பி துருப்பிடிக்கும், வாசித்ததும் துடையுங்கள். எஃப் தேவைப்படும்போது, மெல்லிய நான்கு கம்பிகளை மட்டும் பிடிக்கும் சின்ன எஃப்பே இப்போது போதும்.