கேளுங்கள் சொல்கிறேன்: தர்மபுரியிலிருந்து தேசிய நாளிதழுக்கு

*என் மகள் பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம். ஆங்கில நாளிதழில் நிருபராக வேண்டும் என்கிறாள். அதெல்லாம் டெல்லி, சென்னைக்காரர்களுக்கு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அனுப்பலாமா?*
– ஒரு தாய், பென்னாகரம்

தாராளமாக அனுப்புங்கள் அம்மா. ஒரு ஆங்கில நாளிதழுக்கு இதே தர்மபுரியில் இருபது வருடத்துக்கு மேல் நிருபராக இருந்தவன் நான். என் வீட்டில் ஆங்கிலப் பேப்பர் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது.

உள்ளே போக இரண்டு வழி. ஒன்று டெஸ்க். சப் எடிட்டராகச் சேர்ந்து, வருகிற செய்தியைத் திருத்தித் தலைப்புப் போட வேண்டும். ராத்திரி ஷிப்ட் நிறைய வரும். இன்னொன்று நிருபர் வேலை. சென்னை ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் மாதிரி இடத்தில் முதுநிலை டிப்ளமோ முடித்தால் சீக்கிரம் கூப்பிடுவார்கள். அப்புறம் சீனியர் நிருபர், சிறப்பு நிருபர் என்று மேலே போகலாம்.

ஆனால் முதல் போஸ்டிங் மாவட்டத்தில் கிடைத்தால் அழ வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். காரணம் சொல்கிறேன்.

1992 ஜூன் 20. அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிற வாச்சாத்திக்குள் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறையினர் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்களுக்குப் பாலியல் கொடுமை நடந்தது. தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29-ம் தேதி. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தர்மபுரி கோர்ட். பத்தொன்பது வருடம்! ஆரம்பத்திலிருந்து தீர்ப்பு வரை ஒரே நிருபர் கூடவே இருக்க முடியுமா?

எனக்கு முன்னால் இங்கே இருந்தவர் மாற்றலாகிப் போகும்போது காலிகோ பைண்டிங் போட்ட ஒரு நீள நோட்டைக் கொடுத்தார். இடது பக்கம் வாய்தா தேதி, வலது பக்கம் அன்று நடந்தது. பக்கம் பக்கமாக 'ஒத்திவைப்பு' என்ற ஒரே வார்த்தை. நானும் அதையேதான் எழுதிக்கொண்டு வந்தேன். பேப்பரில் ஒரு வரிகூட வராத நாட்கள் அவை. தீர்ப்பன்று சென்னையிலிருந்து பெரிய கூட்டமே வந்து இறங்கியது. பழைய விவரம் வேண்டியவர்களெல்லாம் அந்த நோட்டைத்தான் கேட்டார்கள்.

நான் ஓய்வு பெற்றபோது அது அடுத்து வந்தவர் கைக்குப் போனது. அவர் ஒரு பெண். 2023 செப்டம்பர் 29-ல் மேல்முறையீடுகளை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும் எனக்குப் போன் செய்து, "சார், நோட்டுல எழுதிட்டேன்" என்றார். கண் கலங்கிவிட்டது.

*சம்பளம் எப்படி?*
– வாசகர், ஓசூர்

பத்திரிகையாளர்களுக்கென்றே 1955-ல் தனிச் சட்டம் போட்டார்கள்; 2025-ல் அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டது. மஜீதியா ஊதியக் குழுப் பரிந்துரையை 2014-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனாலும் இப்போது பலரை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். ஆர்டரை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பகுதி நேர நிருபர் என்றால் அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. வேறு வருமானமும் வேண்டும்.

*டெல்லிக்குப் போனால்தானே பெயர் வாங்க முடியும்?*
– கல்லூரி மாணவர், காரிமங்கலம்

பி. சாய்நாத் மும்பையில் 'பிளிட்ஸ்' பத்திரிகையின் துணை ஆசிரியர். 1993-ல் அதை விட்டுவிட்டு, நாட்டின் மிக ஏழை மாவட்டங்களுக்குக் கிளம்பிப் போனார். நம் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் உண்டு. அப்புறம் 'தி இந்து'வில் கிராமப்புறச் செய்திகளுக்கே ஆசிரியரானார். 2007-ல் மகசேசே விருது. அத்தனையும் கிராமத்து வரப்பில் நடந்து எழுதியதற்குக் கிடைத்தது தம்பி.

உனக்குப் பாலக்கோடு பக்கம்தான். ஒருநாள் விடியற்காலையில் தக்காளி மண்டிக்குப் போ. ஒரு கிரேடு, அதாவது ஒரு பெட்டி, என்ன விலைக்குப் போனது, அதில் கூலி, வண்டி வாடகை, கமிஷன் போக விவசாயி கையில் எவ்வளவு நின்றது என்று ஒருவரிடமாவது உட்கார்ந்து கேள். முந்நூறு வார்த்தைக்குள் எழுதி இந்தப் பத்திரிகை முகவரிக்கு என் பெயர் போட்டு அனுப்பு. திருத்தித் திருப்பி அனுப்புகிறேன்.