நோயாளி கட்டிலில் இருக்கிறாரா, எழுந்துவிட்டாரா: எந்த சென்சார் சரியாகச் சொல்லும்?

கேள்வி: எங்களுடையது 30 படுக்கைகள் கொண்ட சிறிய மருத்துவமனை. எலும்பு முறிவுக்கு வரும் வயதானவர்களே அதிகம். தனி அறைகள் 12, எல்லாவற்றிலும் பாத்ரூம் உண்டு. நைட் டியூட்டியில் இரண்டு நர்ஸ்கள்தான். சொல்லாமல் எழுந்து பாத்ரூம் போகிறவர்கள் விழுந்துவிடுகிறார்கள். மறதி நோய் உள்ள ஒருவர் படிக்கட்டு வரை போய்விட்டார். அறைக்கு ஒரு மோஷன் சென்சார் போதும் என்கிறார் ஒரு விற்பனையாளர். கையில் கட்டும் ப்ளூடூத் டேக் வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது?

பதில்: இரண்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் அறையில் நோயாளியோடு அட்டெண்டரும் தங்குகிறார். மோஷன் சென்சாருக்குத் தாய் யார், மகன் யார் என்று தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு மகன் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் மணி அடிக்கும். இரண்டு நாள் அப்படி அடித்தால் மூன்றாம் நாள் நர்ஸே அதை அணைத்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் அறையைப் பார்க்கும் சென்சாரை விட்டுவிட்டு, நோயாளியின் கட்டிலைப் பார்க்கும் சென்சாரிலிருந்து தொடங்குங்கள்.

கட்டிலுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மெத்தைக்கு அடியில் வைக்கும் அழுத்தப் பட்டை. விலை குறைவு, பொருத்துவதும் சுலபம். ஆனால் எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே வைத்தால், பெட் பான் வைக்க இடுப்பைத் தூக்கும்போதெல்லாம் அலறும். தோளுக்குக் கீழே வைத்தால் எழுந்து உட்காரும்போதே சொல்லிவிடும். நர்ஸ் ஓடி வரச் சில வினாடிகள் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் சாப்பிட வைக்கத் தலைப்பக்கத்தை உயர்த்தினால் பட்டை மேல் எடை குறைந்து பொய் மணி அடிக்கும். படுக்கைப் புண் வராமல் இருக்கப் போடும் காற்று மெத்தையில் உள்ள காற்றுப் பைகள் மாறி மாறி உப்பும், வற்றும். அங்கே பட்டையை நம்பவே கூடாது. கட்டில் மடங்கும் இடத்தின் மேல் பட்டை விழுந்தால் சில வாரங்களில் உள்ளே கம்பி அறுந்துவிடும்.

இரண்டாவது, கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில் லோட் செல், அதாவது மேலே ஏறும் எடையை அளக்கும் சென்சார். எலும்பு முறிவு வார்டுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். கட்டில் 90 கிலோ, மெத்தை 15, நோயாளி 100, பார்க்க வந்து கட்டிலில் உட்காரும் உறவினர் இருவர் 140 என்றால் மொத்தம் 345 கிலோ. சுமை நான்கு கால்களிலும் சமமாக விழாது என்பதால், காலுக்கு 200 கிலோ தாங்கும் செல் எடுங்கள். செல்லின் சிக்னலை எண்ணாக மாற்றித் தரும் ஹெச்.எக்ஸ் 711 போன்ற 24 பிட் சிப், நொடிக்கு 10 அளவுகள் தரும். இந்த வேலைக்கு அது தாராளம்.

நோயாளி படுத்ததும் அவர் எடையை மட்டும் பதிவு செய்யுங்கள். 62 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்டில் ஓரத்துக்கு வந்து காலைத் தரையில் ஊன்றும்போது இரண்டு மாற்றங்கள் நடக்கும்: கட்டிலின் அந்தப் பக்கத்து இரு கால்களில் சுமை ஏறும், மொத்த எடையில் கொஞ்சம் குறையும். அவர் எடையில் முக்கால் பங்கு ஒரே பக்கத்தில் 3 வினாடி நீடித்து, மொத்தமும் 55க்குக் கீழே வந்தால் ‘எழப் போகிறார்’. மொத்தம் 30க்குக் கீழே 2 வினாடி இருந்தால் ‘இறங்கிவிட்டார்’. இந்த எண்களைத் தொடக்கமாக வைத்து, உங்கள் கட்டிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நோயாளி பாத்ரூமில் இருக்கும்போது அட்டெண்டர் கட்டிலில் படுத்துவிட்டால் வழக்கமான கருவி ‘ஆள் இருக்கிறார்’ என்று ஏமாந்துபோகும். பதிவான எடையிலிருந்து 6 கிலோவுக்கு மேல் வித்தியாசம் ஒரு நிமிடம் நீடித்தால் ‘போய்ப் பார்க்கவும்’ என்று காட்டும்படி வைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். இருவர் எடையும் ஒன்றாக இருந்தால் மட்டும் தப்பிவிடும்.

எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போன கட்டில் திரும்பி வரும்போது ஒரு சக்கரம் லோட் செல் தட்டின் மேல் ஏறாமல் நின்றுவிடும். ஏதாவது ஒரு செல் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ‘கட்டில் சரியாக இல்லை’ என்று அறிவிக்க வேண்டும். ஒயரை இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் கனெக்டர் போடுங்கள். அடாப்டர் சுவரில் இருக்கட்டும், கட்டிலில் வேண்டாம்.

அடுத்து பாத்ரூம். கதவில் ஒரு காந்த சுவிட்ச், உள்ளே 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்று. சாதாரண பி.ஐ.ஆர் மோஷன் சென்சார் இங்கே உதவாது. அது உடல் வெப்பம் நகர்வதைத்தான் பார்க்கும். விழுந்து அசையாமல் கிடப்பவர் அதன் கண்ணுக்கு இல்லாதவர். கோடையில் ஏ.சி இல்லாத அறை 36, 37 டிகிரியைத் தொட்டால் உடலுக்கும் சுவருக்கும் வெப்ப வித்தியாசமே இருக்காது, நடப்பவரைக்கூடத் தவறவிடும். ரேடார் மூச்சு விடும்போது மார்பு அசைவதையும் பிடிக்கும். அதே காரணத்தால் எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஆள் என்று நினைக்கும்.

எல்.டி 2410 போன்ற ரேடார் மாட்யூல் தூரத்தை 0.75 மீட்டர் அடுக்குகளாகப் பிரித்துப் பார்க்கிறது. 5 அடிக்கு 7 அடி பாத்ரூமின் ஒரு மூலையில், 7 அடி உயரத்தில் மாட்டினால் எதிர் மூலைத் தரை வரை சுமார் 3.4 மீட்டர். முதல் ஐந்து அடுக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பிளைவுட் கதவையும் ஜிப்சம் தடுப்பையும் தாண்டி வராண்டாவில் நடப்பவரையும் எண்ணிவிடும். ஃபேனை ஓடவிட்டு, கதவை மூடி, காலி பாத்ரூமில் 10 நிமிடம் எந்த அடுக்கில் எவ்வளவு சிக்னல் வருகிறது என்று பார்த்து அதற்கு மேலே வரம்பை வையுங்கள். பிறகு ஒருவரைத் தரையில், கம்மோடுக்குப் பின்னால் ஒதுக்குப்புறமாகப் படுக்க வைத்து, அசையாமல் இருக்கச் சொல்லிப் பாருங்கள். இந்தச் சோதனையில் தேறாத சென்சாரை இடம் மாற்றி மாட்டுங்கள். அப்போதும் தேறாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரவில் கதவு மூடி 8 நிமிடம் ஆள் இருந்தால் அறிவிப்பு, பகலில் 15. கதவுத் தாழ்ப்பாள் வெளியிலிருந்து திறக்கக் கூடியதா என்று இன்றைக்கே பாருங்கள். சென்சார் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது.

பி.ஐ.ஆரை ஒதுக்கிவிட வேண்டாம். கட்டிலுக்கு அடியில் ஒன்றை வைத்து, தரையில் கால் பட்டதும் மங்கலான மஞ்சள் விளக்கு எரியச் செய்யுங்கள். அட்டெண்டருக்காக எரிந்தாலும் யாருக்கும் தொல்லை இல்லை.

ப்ளூடூத் டேக் எல்லோருக்கும் வேண்டாம். மறதி, குழப்பம் உள்ளவர்களுக்கு மட்டும். சிக்னலின் பலத்தை வைத்துத்தான் அது இடத்தைக் கணிக்கிறது. உடம்பே அந்த அலையை உறிஞ்சிவிடுவதால், டேக் கட்டிய கையின் மேல் புரண்டு படுத்தாலே பக்கத்து அறையில் இருப்பதாகக் காட்டும். படிக்கட்டிலும் லிஃப்ட் வாசலிலும் ரிசீவர் வைத்து ‘இந்த டேக் இங்கே வந்துவிட்டது’ என்று அறிய மட்டும் பயன்படுத்துங்கள். கழற்றிப் போட வாய்ப்பிருந்தால் கணுக்காலில் கட்டலாம். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் (ஃபிஸ்டுலா) கையிலும் ட்ரிப்ஸ் போட்ட கையிலும் கட்டவே கூடாது.

மணி எங்கே அடிக்க வேண்டும் என்பதும் முக்கியம். அறைக்குள் அலறினால் நோயாளி பதறி எழுவார், அதிலேயே விழுவார். நர்ஸ் ஸ்டேஷனிலும் அறை வாசல் விளக்கிலும் தெரிந்தால் போதும். 60 வினாடியில் யாரும் ஏற்காவிட்டால் அடுத்தவர் கைபேசிக்குப் போகட்டும். ஏற்கெனவே நர்ஸ் கால் பெல் இருந்தால் அதன் ஒயரிலேயே சேருங்கள், வைஃபையை மட்டும் நம்பாதீர்கள். இணைப்பு எப்போதும் மூடிய சுற்றாக, அதாவது சாதாரண நேரத்திலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்படி இருந்தால் ஒயர் அறுந்தாலும் மணி அடித்துத் தெரிவிக்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறும் நொடியில் கருவி ரீஸ்டார்ட் ஆகிப் பதிவு செய்த எடையை மறந்துவிடுகிறதா என்று மெயினை அணைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தாலும் மணி ஆளைத் தாங்கிப் பிடிக்காது. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மெம்ஃபிஸ் நகர மருத்துவமனை ஒன்றின் 16 வார்டுகளைப் பிரித்து ஒரு பகுதியில் கட்டில் அலாரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். விழுவது குறிப்பிடும்படி குறையவில்லை. இரவு 10 மணிக்கும் 2 மணிக்கும் நர்ஸே போய் ‘பாத்ரூம் போகணுமாம்மா?’ என்று கேட்கும் பழக்கத்தைக் கூடவே கொண்டுவாருங்கள். கட்டிலைத் தாழ்த்தி வையுங்கள். நான்கு பக்கமும் கம்பி தூக்கினால் குழப்பத்தில் உள்ளவர் ஏறிக் குதிப்பார், விழும் உயரம்தான் கூடும்.

சேரும்போதே நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். கேமரா வேண்டாம், திரையில் பெயர் வேண்டாம், அறை எண் போதும்.

முதலில் இரண்டு அறைகளில் இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஒரு நோட்டில் மணி அடித்த நேரம், நர்ஸ் கதவைத் தொட்ட நேரம், நிஜமா பொய்யா, பொய்யென்றால் காரணம் என்று ஒவ்வொரு முறையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு கட்டிலுக்கு ஓர் இரவில் ஒன்றுக்கு மேல் பொய் மணி வந்தால் வரம்பைத் திருத்திவிட்டுத்தான் மூன்றாவது அறைக்குப் போக வேண்டும். டிஸ்சார்ஜ் ஆனதும் பழைய எடையை அழிப்பது யார் பொறுப்பு என்பதை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். 80 கிலோக்காரரின் எடை அப்படியே இருக்க 45 கிலோ பாட்டி வந்து படுத்தால், முதல் இரவே எல்லாக் கணக்கும் தப்பிப்போகும்.