சுகாதார ஆய்வில் பங்காளியாகும் ஊர்ச் சங்கத்துக்கு நிதியில் எத்தனை வீதம் நியாயம்?

பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து சுகாதார ஏற்றத்தாழ்வு பற்றிய ஆய்வில் இறங்கும் சங்கம் எத்தனை வீதம் கேட்கலாம் என்பது உங்கள் கேள்வி. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்த்து வருபவள் என்ற வகையில், வீதத்துக்கு முன்பு, பணம் எப்போது கைக்கு வரும் என்பதைக் கேட்கச் சொல்வேன்.

பல வெளிநாட்டு நிதிகளில் உப ஒப்பந்தக்காரர், அதாவது பல்கலைக்கழகத்தின் வழியாகப் பணம் பெறும் சங்கம் போன்ற அமைப்பு, முதலில் செலவழித்து, பற்றுச்சீட்டுகளைச் சமர்ப்பித்த பின்னரே பணம் பெறலாம். பல்கலைக்கழகம் அதைத் தாங்கும். சந்தாப் பணத்தில் இயங்கும் சங்கம் தாங்காது. கிணற்று நீர் மாதிரி சேகரித்த பெண்களுக்கு ஆட்டோக் கூலியையும் மதியச் சாப்பாட்டையும் பொருளாளர் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்ததையும், ஆட்டோக்காரர் பற்றுச்சீட்டு எழுதித் தராததால் அதில் ஒரு பகுதி திரும்பி வராமலே போனதையும் கண்டிருக்கிறேன். இல்லாதவர் இருப்பவருக்கு வட்டியின்றிக் கடன் கொடுக்கும் ஏற்பாடு இது. ஆகவே முதற்காலாண்டுச் செலவை முற்பணமாகக் கேளுங்கள்.

அடுத்தது மேந்தலைச் செலவு, அதாவது மின்கட்டணம், கணக்காய்வு போன்ற பொது நிர்வாகத்துக்கான மறைமுகச் செலவு. அமெரிக்கக் கூட்டரசு நிதியில், தனக்கென வீதம் பேசி முடிக்காத அமைப்பு கோரக்கூடிய மறைமுகச் செலவின் உச்சம் 2024 ஒக்டோபரில் 10 வீதத்திலிருந்து 15 வீதமாக உயர்த்தப்பட்டது; அங்குள்ள பெரிய பல்கலைக்கழகங்கள் பேசிப் பெற்ற வீதமோ 50ஐத் தாண்டுவதுண்டு. சங்கத்துக்கு மின்கட்டணமும் கணக்காய்வுச் செலவும் இல்லையென்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பாதீட்டில் அநேகமாக விடுபடுவது, முடிவுகளை ஊருக்குச் சொல்லும் செலவு. எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் உரமும் மலசலகூடக் குழிகளும் கிணற்றில் கைக்குழந்தைகளுக்குத் தீங்கான நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கட்டுரை வெளிவந்ததும் ஆய்வாளர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். “இந்தத் தண்ணியிலை பிள்ளைக்குப் பால்மா கரைக்கலாமோ?” என்று படலையடியில் கேட்கும் தாய்க்கு, கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது, நீர் வற்றச் செறிவு கூடவே செய்யும் என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டியவர் அதே ஒழுங்கையில் வாழும் எங்கள் அங்கத்தவர். வீடு வீடாகச் செல்லும் அந்த இரண்டாம் சுற்றுக்கு, குடும்பநல உத்தியோகத்தரோடு சேர்ந்து செல்லும் நாட்களுக்கும் உட்பட, நாட்கூலி பாதீட்டில் தனிச் செலவினமாக இருக்க வேண்டும்; என் கணக்கில் மற்றெல்லாவற்றையும்விட முக்கியமான செலவினம் அதுதான்.

நிதி ஒப்புதலான பின்பு பாதீட்டில் புதிய செலவினம் சேர்ப்பது மிகக் கடினம். பல்கலைக்கழகத்தார் ஆதரவுக் கடிதம் கேட்டு வரும்போதே பாதீட்டின் பிரதியைக் கேட்டு வாங்கி, நிர்வாகசபையில் வாசித்த பிறகு கையொப்பமிடுங்கள்.