போர்ட் பாட்டிலை இப்போதே திறக்கலாமா?

கேள்வி: போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் ஒரு சிறு தோட்டக்காரர் தயாரித்த 2011 விண்டேஜ் (அந்த ஒரே வருட அறுவடையில் செய்தது) போர்ட், அதாவது திராட்சை மதுசாரம் சேர்த்த இனிப்பு ஒயின், பரிசாக வந்தது. திறக்கலாமா, வைத்திருக்கலாமா?

பதில்: ஒரே பாட்டில்தான் என்றால் வைத்திருங்கள். மரப்பீப்பாயில் இரண்டு, மூன்று வருடம் மட்டுமே இருந்துவிட்டு வடிகட்டாமல் பாட்டிலுக்குள் போகிற சரக்கு இது, மீதி முதிர்ச்சியெல்லாம் உள்ளேயே மெதுவாக நடக்கும், நல்ல வருடம் என்றால் இருபது முப்பது வருடம்கூட ஆகும். 2011 அருமையான வருடம். இளசாகக் குடித்தால் கறுப்புப் பழச்சுவையும் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும். வயதானதும் அத்திப்பழம், கொட்டைப்பருப்பு வாசம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். இருட்டான, குளிர்ந்த இடத்தில் படுக்க வையுங்கள். திறப்பதற்கு முந்தைய நாள் நிமிர்த்தி வைத்து, அடியில் மண்டி தங்கியதும் மெதுவாக வேறு ஜாடிக்கு ஊற்றுங்கள். அப்புறம் இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும். இன்னொன்று, 1986 வரை போர்ட்டை ஏற்றுமதி செய்ய வேண்டுமென்றால் போர்ட்டோ நகருக்கு எதிர்க்கரையில் உள்ள காயா நகரக் கிடங்குகள் வழியாகத்தான் போக வேண்டும், அதனால் சிறு தோட்டங்களின் சொந்தப் பெயரில் அதற்கு முந்தைய பாட்டில்கள் கிடைப்பது அபூர்வம்.