உட்கருவுக்குள் குலையும் புரதங்கள்

கேள்வி: செல்லில் பழுதான புரதங்களைச் செரிக்க லைசோசோம்கள் உள்ளன. அவை இல்லாத உட்கருவுக்குள் ஒரு புரதம் தவறாக மடிந்தால் என்ன ஆகும்?

பதில்: லைசோசோம் இல்லையே தவிர, புரதங்களை நறுக்கும் புரோட்டியசோம்கள் உட்கருவுக்குள்ளேயே நிறைய உள்ளன. பாலூட்டிகளின் செல்களில் பிஎம்எல் என்னும் புரதம், தவறாக மடிந்தவற்றை இனங்கண்டு அவற்றின்மேல் சூமோ என்னும் சிறு புரதத்தை ஒட்டுகிறது. அந்த அடையாளத்தை அறிந்து ஆர்என்எஃப்4 என்னும் நொதி, அழிக்க வேண்டியதைக் குறிக்கும் யுபிக்விட்டின் என்னும் இன்னொரு சிறு புரதத்தைச் சேர்க்க, புரோட்டியசோம் அதைச் சிதைத்துவிடுகிறது.

ஆனால் எல்லாமே அழிக்கப்படுவதில்லை. எனக்கு வியப்பளிப்பதும் இதுவே. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவன ஆய்வாளர்கள், மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸ் நொதியை மனித செல்களின் உட்கருவுக்குள் செலுத்தி, 43 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினார்கள். வெப்பம் தாங்காமல் குலைந்த அந்த நொதி, புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோமின் பாகங்கள் உட்கருவுக்குள் கோக்கப்படும் இடமான நியூக்ளியோலஸின் திரவம் போன்ற பகுதிக்குள் ஒதுங்கியதையும், சூடு தணிந்தபின் ஹெச்எஸ்பி70 என்னும் துணைப்புரதத்தின் உதவியால் சீராக மடிந்து வெளியேறியதையும் 2019-இல் அவர்கள் வெளியிட்டார்கள். வெப்பம் நெடுநேரம் நீடித்தாலோ, ஒதுங்கிய புரதம் அங்கேயே இறுகி மீளாமற்போகிறது.